கழுத்து மூட்டும் தசை ஆற்றல் உத்தியும்: பலனுக்கு எந்த விளக்கம்?

1. கேள்வி

கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. இப்படி வருபவரை இயன்முறை மருத்துவர் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை இரு கைகளிலும் ஏந்துகிறார். அசைவு எங்கே தடைபடுகிறதோ அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, "இப்போது எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பப் பாருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார். சுமார் ஐந்து விநாடி கழித்துத் தளர்த்தச் சொல்கிறார். தலை முன்பைவிடச் சிறிது கூடுதலாகத் திரும்புகிறது. இதையே மூன்று நான்கு முறை செய்து முடித்ததும் எழுந்து உட்காருபவருக்குக் கழுத்து இலேசாகிவிட்டது தெரிகிறது.

'மஸில் எனர்ஜி டெக்னிக்' என்று கல்லூரிகளிலும் கிளினிக்குகளிலும் சொல்லப்படும் தசை ஆற்றல் உத்தி இதுதான். இது ஏன் பலிக்கிறது என்பதற்குப் பாடநூல் மரபு மூன்று படிகளில் விடை சொல்லும். கழுத்தின் ஏதோ ஒரு முள்ளெலும்பு மூட்டு பூட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கையால் கண்டுபிடிக்கலாம். அந்த மூட்டை ஒரு சிறு தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தத் தசையைச் சுருங்கவைத்துத் தளரவிட்டால் நரம்பு அனிச்சையால் அது நெகிழ, மூட்டு விடுபடும்.

கேட்கக் கச்சிதமாக இருக்கும் இந்த மூன்று படிகளில் எது சோதனையில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 20.3 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்தது என்பது உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு. இத்தனை பேர் நாடும் சிகிச்சைகளில் ஒன்றைப் பற்றிப் 'பலிக்கிறது' என்பதோடு நின்றுவிடக் கூடாது. சிகிச்சையோடு சேர்த்துச் சொல்லப்படும் விளக்கம், நோயாளி தன் கழுத்தைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தையே மாற்றிவிடுகிறது. உத்திக்கு நம் சிகிச்சை அறைகளில் இடம் உண்டு என்பதும், அதன் பழைய விளக்கத்துக்கு இனி இடமில்லை என்பதும் என் நிலைப்பாடு.

2. உத்தி வந்த வழி

இதன் பிறப்பிடம் அமெரிக்க ஆஸ்டியோபதி. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் அறிவித்து, 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் கல்லூரி கட்டி வளர்த்த மருத்துவ மரபு அது. எலும்பும் மூட்டும் தம் இயல்பான அசைவை இழப்பதே பல நோய்களுக்கு வேர் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அந்த இழப்பை விரைந்த கைத்தள்ளலால் சரிசெய்யும் முறைகள் முதலில் வந்தன. நோயாளி அங்கே வெறுமனே படுத்திருப்பார். மருத்துவரின் கையே எல்லா வேலையையும் செய்யும்.

இந்த உறவைத் தலைகீழாக்கியவர்களில் முன்னோடி டி.ஜே. ரட்டி. 1940, 50களில் அவர் நோயாளியையே தசையைத் துடிதுடிப்பாகத் திரும்பத் திரும்பச் சுருக்கச் சொல்லி, அதற்குக் கையால் தடை கொடுத்தார். ஃப்ரெட் மிட்செல் (1909–1974) அதைத் துடிப்பிலிருந்து நிதானமான, சில விநாடி நீடிக்கும் சுருக்கமாக மாற்றி, முதலில் இடுப்பு மூட்டுகளுக்கும் பின்னர் முதுகெலும்பு முழுமைக்கும் ஒரு முறையாக வகுத்தார். 1970இல் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டாட்ஜில் அவர் நடத்திய பயிற்சியிலிருந்துதான் உத்தி முறையான பாடமாகப் பரவியது. அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1979இல், மகன் ஃப்ரெட் மிட்செல் ஜூனியரும் உடன் பணியாற்றியவர்களும் சேர்ந்து வெளியிட்ட கையேடு அதை அச்சில் நிலைநிறுத்தியது.

ஏறத்தாழ அதே காலத்தில் வேறு இரு நீரோட்டங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நரம்பியல் மறுவாழ்வுக்காக ஹெர்மன் கேபட்டும் மார்கரெட் நாட்டும் அமெரிக்காவில் வளர்த்த பி.என்.எஃப். முறையில் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி ஏற்கெனவே இருந்தது. பிராகில் நரம்பியல் மருத்துவரான காரெல் லெவிட், மிக மென்மையான சுருக்கத்துக்குப் பின் வரும் தளர்வையே சிகிச்சையாக்கினார். லெவிட்டும் டேவிட் சைமன்ஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 244 நோயாளிகளின் 351 தசைப் பகுதிகளில் 94 விழுக்காட்டில் உடனடி வலி நிவாரணமும், 63 விழுக்காட்டில் நீடித்த நிவாரணமும் கிடைத்ததாக அது சொல்கிறது. வியக்கவைக்கும் எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. சிகிச்சை பெறாதவர்களோ, வேறு சிகிச்சை பெற்றவர்களோ எப்படி இருந்திருப்பார்கள் என்று தெரியாமல் 94 என்ற எண்ணைத் தனியே தூக்கிப் பிடிப்பது முறையாகாது. இன்றைய பயிற்சி வகுப்புகளில் அந்த எண் சொல்லப்படும்போது இந்தக் குறையும் கூடவே சொல்லப்பட வேண்டும்.

3. கழுத்தின் அமைப்பும் உத்தியின் நடைமுறையும்

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையிலான மூட்டு முக்கியமாகத் தலையை மேலும் கீழும் ஆட்ட உதவுகிறது. முதல் எலும்பும் இரண்டாம் எலும்பும் சேரும் மூட்டு திரும்புவதற்கென்றே அமைந்தது. கழுத்து திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு மூட்டிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றில் இருபுறமும் உள்ள ஃபேசட் மூட்டுகள் ஓட்டுக்கூரையின் ஓடுகள்போலச் சரிவாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சரிவு சுமார் 45 பாகை. வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்க மூட்டு மேலே வழுக்கி விரிகிறது, வலப்பக்க மூட்டு கீழே வழுக்கி மூடுகிறது. இந்தச் சரிவினால்தான் கீழ்க்கழுத்தில் திரும்புவதும் சாய்வதும் ஒரே பக்கமாகச் சேர்ந்தே நிகழ்கின்றன. மேல்கழுத்தில் இந்தச் சேர்க்கை ஆளுக்கு ஆள் மாறும்.

மிட்செல் மரபில் நோயறிதல் இந்த இயக்கவியலை ஒட்டியே நடக்கும். விரிய மறுக்கும் மூட்டா, மூட மறுக்கும் மூட்டா என்று ஒவ்வொரு தளமாக விரல் நுனியால் தேடுவார்கள். இதன் பின்னணியில் ஹாரிசன் ஃப்ரையட் 1918இல் முன்வைத்து 1954இல் நூலாக விரித்த இயக்க விதிகள் இருக்கின்றன.

இரண்டாம் எலும்பு மட்டத்தில் திருப்பம் குறைந்தவரை எடுத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் கழுத்தை முழுவதும் முன்னால் மடக்குகிறார். இதனால் கீழ் மூட்டுகள் பெருமளவு கட்டுண்டு, திருப்பம் மேல் மூட்டில் குவிகிறது. பிறகு தடை உணரப்படும் எல்லைவரை தலையைத் திருப்பி நிறுத்துகிறார். நோயாளி எதிர்த்திசையில் மிகக் குறைந்த வலுவில் திருப்ப முயல்கிறார். கழுத்தில் வலு கூடவே கூடாது என்பதை எல்லாப் பள்ளிகளும் ஒரே குரலில் வலியுறுத்துகின்றன. பல நேரங்களில் தலையைக்கூட அசைக்கச் சொல்லாமல், "கண்ணை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோங்கள்" என்பார்கள். கண் போகும் திசைக்குக் கழுத்தின் உள்தசைகள் தாமே உயிர்பெறும் என்பதால் அதுவே போதும். சில விநாடிகளுக்குப் பிறகு தளர்வு, புதிய எல்லை, மறுபடியும் அதே.

எத்தனை விநாடி என்பதில் கருத்து வேறுபாடு இருந்துவந்தது. ஆஸ்திரேலியாவில் கேரி ஃப்ரையரும் ரஸ்கோவ்ஸ்கியும் 2004இல் நோயற்ற 52 பேரிடம் மேல்கழுத்து மூட்டை வைத்தே இதைச் சோதித்தனர். ஐந்து விநாடிச் சுருக்கம் சுமார் ஆறரை பாகைக் கூடுதல் திருப்பம் தந்தது. இருபது விநாடி வைத்திருந்ததால் அதைவிட நன்மை எதுவும் வரவில்லை. இத்துறையில் நடைமுறைக்கு நேரடியாகப் பயன்படும் சில ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

4. பூட்டிய மூட்டை விரல் கண்டுபிடிக்குமா?

முதல் படி இதுதான். இங்கேயே கட்டடம் ஆடத் தொடங்குகிறது.

1988இல் க்வெண்டலின் ஜல், நிகோலாய் பொக்டுக், மார்ஸ்லேண்ட் ஆகியோர் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தனர். கழுத்து வலியுள்ள 20 பேரைக் கைச்சிகிச்சையாளர் தொட்டுப் பார்த்து எந்த ஃபேசட் மூட்டில் வலி என்று சொல்ல வேண்டும். மூட்டுக்குச் செல்லும் நரம்பை ஊசியால் மரத்துப்போகச் செய்து பெற்ற முடிவோடு அது ஒப்பிடப்படும். சிகிச்சையாளர் ஒருவரிடம்கூடத் தவறவில்லை. கைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழாக அது இரு தலைமுறைக்குப் பாடமானது.

அதே பொக்டுக் 2007இல் வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து, அதிக நோயாளிகளிடம், இன்னும் கடுமையான ஊசிப் பரிசோதனையை அளவுகோலாக வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். வலி மூட்டு உண்மையிலேயே உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைக் கை சரியாகவே சுட்டியது. ஆனால் அந்த மூட்டில் வலி இல்லாதவர்களில் 39 விழுக்காட்டினரை மட்டுமே 'இங்கே இல்லை' என்று விலக்க முடிந்தது. தொட்ட இடத்திலெல்லாம் குற்றவாளியைக் காணும் சோதனை பெரும்பாலான குற்றவாளிகளைப் பிடித்துவிடும்தான். அதனால் அது நல்ல சோதனையாகிவிடாது. தன் பெயர் தாங்கிய புகழ்பெற்ற முடிவைத் தானே மறுபரிசீலனைக்கு உட்படுத்திய அந்த அறிவு நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். கைச்சிகிச்சை உலகில் இது அடிக்கடி நடப்பதில்லை.

முதுகெலும்பைத் தொட்டறியும் சோதனைகளின் நம்பகத்தன்மையை செஃபிஞ்சர் குழு 2004இல் முறைசார் மீளாய்வு செய்தது. அழுத்தினால் வலிக்கிறதா என்ற சோதனையில் சோதிப்பவர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். முள்ளெலும்பை ஒட்டிய தசையின் தன்மையை விரலால் உணர்ந்து சொல்வதில் அந்த ஒற்றுமை இல்லை. தசைத் தன்மை மாற்றம், சமச்சீரின்மை, அசைவுக் குறை, தொட்டால் வலி என்று ஆஸ்டியோபதி மரபு சொல்லும் நான்கு அடையாளங்களில் கடைசி ஒன்றுதான் உறுதியாக நிற்கிறது.

இதற்கு விலக்கும் உண்டு. முழுவதும் மடக்கிய கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை டோபி ஹால், கிம் ராபின்சன் ஆகியோர் முறைப்படுத்தினர். ஆரோக்கியமானவருக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 பாகை திரும்பும். கழுத்திலிருந்து எழும் தலைவலி உள்ளவர்களிடம் அது கணிசமாகக் குறைகிறது. 32 பாகையை எல்லையாக வைத்தால் அத்தகையவர்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் சரியாகப் பிரித்தறிய முடிகிறது. அந்த நிலையில் திருப்பம் பெரும்பாலும் முதல் இரு எலும்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஆய்வும் காட்டியது. அளவிடக்கூடிய ஓர் அசைவு, ஒரே ஒரு மூட்டு, தெளிவான எல்லை எண் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் 'மூட்டுச் செயல்குறை' பொருளுள்ள சொல்லாகிறது. நான்காம் எலும்பு சற்றே வலப்பக்கம் திரும்பிச் சாய்ந்திருக்கிறது என்று விரல் சொல்வதை அதே தரத்தில் வைக்க முடியாது.

சரியான தளத்தைக் கண்டுபிடிப்பதால் சிகிச்சையின் பலன் கூடுகிறதா என்ற கேள்வியும் உண்டு. மிட்செல் ஹாஸ் குழு 2003இல் கழுத்து வலியுள்ள 104 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு, எந்த மூட்டில் அசைவு குறை என்று கையால் கண்டறிந்து அங்கே கைத்தள்ளல் சிகிச்சை. மற்றதற்கு, கணினி தாறுமாறாகச் சொன்ன தளத்தில் அதே சிகிச்சை. இரு பிரிவிலும் வலியும் இறுக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்தன. இது சொடக்கு எனப்படும் கைத்தள்ளல் முறைக்கான சோதனையே தவிர தசை ஆற்றல் உத்திக்கானது அல்ல என்பது உண்மை. ஆயினும் இரு முறைகளும் ஒரே நோயறிதலைக் கடன் வாங்கிக்கொள்வதால் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

5. தசை அனிச்சையாகத் தளர்கிறதா?

இரண்டாம் படியைத் தனியே எடுக்காமல், அதன்மேல் நிற்கும் மூன்றாம் படிக்கே வருவோம். சுருக்கத்துக்குப் பின் வரும் தளர்வுக்கு இரு அனிச்சைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. சுருங்கிய தசையின் முனையிலுள்ள கால்ஜி உறுப்புகள் அதே தசையின் நரம்புத் தூண்டலை அடக்குகின்றன என்பது ஒன்று. ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசை அடங்குகிறது என்ற, சார்லஸ் ஷெரிங்டன் வகுத்த பரஸ்பர அடக்கம் மற்றொன்று. இரண்டும் உண்மையான உடலியல் நிகழ்வுகள். ஷெரிங்டனுக்கு 1932இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரு நிகழ்வு உடலில் உண்டு என்பதால் மட்டும் நாம் காணும் பலனுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது.

கால அளவு முதல் தடை. சுருக்கத்துக்குப் பின் அனிச்சை அடங்கியிருப்பது பத்து விநாடியளவே என்று மூரும் குகுல்காவும் 1991இல் காட்டினர். கழுத்து வீடு போய்ச் சேரும்வரை இலேசாக இருப்பதை அது விளக்காது. மின்னலைப் பதிவு இரண்டாம் தடை. சுருக்கித் தளர்த்தி நீட்டும்போது தசையின் மின்செயல்பாடு குறைய வேண்டும். பி.என்.எஃப். ஆய்வுகள் பலவற்றில் அது கூடியே இருந்தது. மூன்றாவதாக, ஓய்வாக இருக்கும் தசை நீட்டப்படுகையில் காட்டும் எதிர்ப்பில் பெரும்பங்கு நரம்பிலிருந்து வருவதல்ல, திசுவின் இயல்பான விறைப்பு. நரம்பை அடக்கி அதைக் குறைக்க இயலாது.

பிறகு அசைவு ஏன் கூடுகிறது? டென்மார்க்கில் மேக்னுசன் குழு 1996இல் தொடையின் பின்தசையில் இதை அளந்தது. சுருக்கித் தளர்த்தியபின் கால் அதிகம் உயர்ந்தது. ஆனால் ஒரே கோணத்தில் தசை காட்டிய எதிர்ப்பு மாறவில்லை. அதாவது தசை நீளமாகவில்லை. நீட்சியைத் தாங்கும் எல்லைதான் நகர்ந்தது. பேலன்டைன், ஃப்ரையர், மெக்லாக்லின் 2003இல் தசை ஆற்றல் உத்தியையே பயன்படுத்தி அதே முடிவுக்கு வந்தனர். தொடைத் தசையில் கண்டதைக் கழுத்தின் விரற்கடை நீளத் தசைகளுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். இருந்தும், 'தசை நெகிழ்ந்தது' என்ற பழைய வாக்கியத்தைவிட 'நரம்பு மண்டலம் கூடுதல் அசைவுக்கு அனுமதி தந்தது' என்பதே சான்றுகளோடு பொருந்திவருகிறது. கைச்சிகிச்சைகளின் பலனை உள்ளூர்த் திசு மாற்றமாகப் பார்க்காமல், முதுகுத்தண்டும் மூளையும் வலியைக் கையாளும் விதத்தில் வரும் மாற்றமாகப் பார்க்க வேண்டும் என்று பியலோஸ்கி குழு 2009இல் முன்வைத்த மாதிரியும் இதையே சொல்கிறது.

கழுத்துக்கே உரிய இன்னொரு வாய்ப்பும் உண்டு. எனக்கு மிகவும் சுவையான பகுதி இதுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குல்கர்ணி, சாண்டி, பாபு ஆகியோர் மனிதச் சிசுக்களின் பிடரித் தசைகளில் உணர்கதிர்களை எண்ணி 2001இல் வெளியிட்டனர். தசையின் நீளத்தையும் அசைவையும் மூளைக்கு அறிவிக்கும் நுண்ணுறுப்புகள் அவை. முதல் இரண்டு கழுத்தெலும்புகளை இணைத்துத் தலையைத் திருப்பும் கீழ்ச் சாய்தசையில் ஒரு கிராமுக்கு 242 கதிர்கள் இருந்தன. இந்தச் சிறு தசைகள் தலையை அசைக்க உதவுவதோடு, தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருக்கின்றன.

இதோடு பிரான்சின் மிஷேல் ரெவேல் செய்ததைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் நேராகக் கொண்டுவரச் சொன்னால், கழுத்து வலி உள்ளவர்கள் ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாகத் தவறுகிறார்கள் என்று 1991இல் காட்டினார். கண்ணையும் கழுத்தையும் இணைத்துப் பயிற்சி தந்தால் இத்திறன் மேம்படுகிறது, வலியும் குறைகிறது என்று 1994இல் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வொன்றில் கண்டார். தசை ஆற்றல் உத்தியில் கண்ணை மட்டும் ஒரு பக்கம் கொண்டுபோகச் சொல்லிப் பிடரித் தசைகளை எழுப்புவது, யாரும் அப்படி எண்ணாமலேயே, இந்த உணர்வுப் பயிற்சியின் ஒரு வடிவமாக இருக்கலாம். பூட்டிய மூட்டைத் திறப்பதாக நினைத்துச் செய்த செயல், தலையின் இருப்பை மூளைக்கு மீண்டும் கற்பித்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம் என்பதால் சொல்கிறேன்.

6. நோயாளிகளிடம் கிடைத்த பலன்

காரணம் எதுவாயினும் வலி குறைகிறதா என்று கேட்பவருக்கான பதில் இது. கனடாவின் சஸ்கட்சுவானில் டேவிட் கேசிடி குழு 1992இல் ஒருபக்கக் கழுத்து வலியுள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு சொடக்கும் மறு பிரிவுக்குத் தசை ஆற்றல் உத்தியும் கொடுத்தது. சொடக்கு பெற்றவர்களில் 85 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 69 விழுக்காட்டினரும் உடனே வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அசைவு இரு பிரிவிலும் கூடியது. வலிக் குறைவின் அளவு சொடக்குப் பிரிவில் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் அளந்தது சிகிச்சை முடிந்த உடனேதான். மறுநாளோ மறுவாரமோ என்ன ஆயிற்று என்பது இந்த எண்களில் இல்லை.

அமெரிக்காவில் பர்ன்ஸும் வெல்ஸும் 2006இல் நோயற்றவர்களிடம் கண்ட அசைவுக் கூடுதல் சுமார் 4 பாகை. கழுத்து அசைவை அளக்கும் கருவிகளின் பிழையே ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும் என்பதை நினைவில் வைத்தால் இதைக் கொண்டாட முடியாது. வலி உள்ளவர்களிடம் நடந்தவற்றில் இந்தியாவின் பங்கு பெரிது. புனேயிலிருந்து 2016இல் வெளியான ஆய்வில், இயந்திரவகைக் கழுத்து வலியுள்ள 60 பேரில் தசை ஆற்றல் உத்தி பெற்றவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி பெற்றவர்களைவிட வலியிலும் அன்றாடச் செயல்திறனிலும் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். சிகிச்சைக் காலம் ஒரு வாரத்துக்கும் குறைவு.

இவ்வகை ஆய்வுகள் நம் நாட்டு முதுநிலை மாணவர்களின் உழைப்பால் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: சிறு குழு, சில நாள் சிகிச்சை, கடைசி நாளில் அளவீடு. தான் எந்தச் சிகிச்சை பெறுகிறோம் என்பது நோயாளிக்குத் தெரியும். தலையைக் கையில் ஏந்தி மருத்துவர் நிதானமாகப் பேசும் அனுபவத்துக்கு நிகரான போலிச் சிகிச்சையை அமைப்பது எளிதுமல்ல. அந்தக் கவனிப்பே வலியைக் குறைக்கும் ஆற்றல் கொண்டது. எனவே உத்தியின் தனிப்பங்கு எவ்வளவு என்பது இந்த ஆய்வுகளில் பிரிந்து தெரிவதில்லை.

கீழ்முதுகு வலிக்கு இதே உத்தியை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு பாடமாக அமைகிறது. அதில் 12 ஆய்வுகளும் மொத்தம் 500 பேரும் இருந்தனர். ஆய்வுகளின் தரம் தாழ்ந்தது, உத்தி பலன் தருமா என்று நம்பகமாக முடிவு சொல்லச் சான்று போதாது என்பதே அதன் தீர்ப்பு. அதை எழுதியவர்களில் ஒருவர், ஐந்து விநாடிச் சுருக்கத்தை ஆராய்ந்த அதே கேரி ஃப்ரையர். உத்தியைக் கற்பித்தும் ஆராய்ந்தும் வந்த ஒருவர் கையொப்பமிட்ட தீர்ப்பு என்பதால் அதன் கனம் கூடுகிறது.

7. பாதுகாப்பு

வலிக் குறைவில் சொடக்கு முந்துகிறது என்றால் மென்மையான உத்தி எதற்கு? விடை கழுத்தின் இரத்தக் குழாய்களில் இருக்கிறது. முள்ளெலும்புத் தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்பை வளைத்துச் சுற்றி மண்டைக்குள் நுழைகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். சொடக்குக்குப் பின் இப்படி நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. மேலே சொன்ன கேசிடியே 2008இல் ஒண்டாரியோ மாகாணத்தின் 818 பக்கவாத நிகழ்வுகளை ஆராய்ந்தார். சொடக்குச் சிகிச்சை தரும் கைரோபிராக்டரைப் பார்த்ததற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. சாதாரணக் குடும்ப மருத்துவரைப் பார்த்ததற்கும் அதே அளவு தொடர்பு தெரிந்தது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனியின் வலிக்காகவே அவர்கள் மருத்துவரைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். இதைச் சொடக்கு குற்றமற்றது என்ற தீர்ப்பாகச் சிலர் படிக்கிறார்கள். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: 'சாதாரணக் கழுத்துப் பிடிப்பு' என்று வருபவர்களில் மிகச் சிலர் சாதாரணமானவர்கள் அல்ல, அவர்களை அடையாளம் காண்பது சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம்.

இதுவரை அனுபவிக்காத வகைத் திடீர்க் கழுத்து வலி அல்லது தலைவலி, ஒரு கண்ணிமை சரிவு, இரட்டைப் பார்வை, நாக்குழறல், விழுங்கச் சிரமம், தள்ளாட்டம் இருப்பவரின் கழுத்தில் எந்த உத்தியையும் செய்யக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவதும் நடை தளர்வதும் முதுகுத்தண்டு நெருக்கப்படுவதன் அறிகுறிகள். நெடுநாள் முடக்குவாதம் உள்ளவருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவருக்கும் முதல் இரு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம். விழுந்தோ விபத்திலோ அடிபட்டவருக்கு எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை கழுத்தில் கை வைப்பது தவறு. மென்மையான உத்தி என்பதால் இந்த விதிகள் தளர்ந்துவிடாது. மடக்கித் திருப்பும் நிலையே சிலருக்கு ஆபத்து.

தமிழகத்தில் முடிவெட்டியபின் சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மேற்சொன்ன கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கப்படாமல், தலை சட்டென்று திருப்பப்படுகிறது. அந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

8. நோயாளியிடம் என்ன சொல்வது?

உத்தியைவிடவும் உத்தியோடு சேர்த்துச் சொல்லப்படும் வாக்கியம் நீண்டகாலம் வேலை செய்கிறது. "உங்கள் எலும்பு விலகியிருந்தது, சரிசெய்துவிட்டேன்" என்று கேட்டவர் அடுத்த முறை வலித்ததும் எலும்பு மறுபடி விலகிவிட்டது என்றே நம்புவார். குனியப் பயப்படுவார், தூக்கப் பயப்படுவார், மாதம் ஒருமுறை சரிசெய்துகொள்ள வருவார். நம் ஊரில் இதற்கு இணையான இன்னொரு வாக்கியம் "கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது." ஜப்பானில் நகாஷிமா குழு 2015இல் வலியே இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 87.6 விழுக்காட்டினருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிடமே அது பரவலாக இருந்தது. படத்தில் தெரியும் மாற்றத்தைக் காட்டிக் கழுத்துப்பட்டை மாட்டி அனுப்புவதும், விரலுக்குத் தெரிந்த சாய்வைக் காட்டி எலும்பு விலகியது என்பதும் நோயாளியைத் தன் உடல்மேலேயே நம்பிக்கையிழக்கச் செய்கின்றன. இதில் படித்த மருத்துவருக்கும் படிக்காத சொடக்குக்காரருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது வருத்தம் தருகிறது.

தசை ஆற்றல் உத்திக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. கைச்சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றில் நோயாளி வெறும் உடலாகக் கிடக்க, இதில் அசைவை உண்டாக்குபவர் அவரே. கூடிய பாகைகள் அவருடைய சொந்தத் தசையால் வந்தவை. அந்த உண்மையை அவரிடம் அப்படியே சொல்லிவிடலாம்: "மூட்டில் எதுவும் விலகவில்லை. வலியினால் உங்கள் உடல் அசைவை நிறுத்திவைத்திருந்தது. உங்கள் தசையைக் கொண்டே அந்த எல்லையை நகர்த்தினோம். இந்த இலேசு சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருக்கலாம். அதற்குள் இந்த அசைவைப் பயன்படுத்திப் பழகுங்கள்."

எப்படிப் பழகுவது என்பதற்கு வழிகாட்டும் ஆய்வும் உண்டு. கழுத்திலிருந்து எழும் தலைவலியுள்ள 200 பேரிடம் ஜல் குழு 2002இல் ஆறு வாரச் சிகிச்சையை ஒப்பிட்டது. கைச்சிகிச்சையும் பயனளித்தது, முன்கழுத்தின் ஆழத் தசைகளுக்கான பயிற்சியும் பயனளித்தது, பலன் ஓராண்டுவரை நீடித்தது. இரண்டும் சேர்ந்தவர்களில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் சற்றே அதிகம், ஆனால் புள்ளியியல்படி அது உறுதியாகவில்லை. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியும் அசைவு குறைந்த கழுத்து வலிக்குக் கைச்சிகிச்சையையும் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது.

அந்தப் பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், ஆமோதிப்பதுபோல மோவாயை மெல்லக் கீழே கொண்டுவந்து பத்து விநாடி நிறுத்துவது. உட்கார்ந்து, தோளை அசைக்காமல் கண்ணால் ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு தலையை இருபுறமும் திருப்புவது. திருப்பம் தடைபடும் இடத்தில் தன் கையையே கன்னத்தில் வைத்து லேசாக எதிர்த்துத் தள்ளி, ஐந்து விநாடி கழித்துத் தளர்த்தி, மீண்டும் திருப்பிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது சிகிச்சை அறையில் நடந்த அதே உத்தி. முதல் நாளே இதை நோயாளிக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட முடியும்.